கார் ஏசி குளிரவில்லையா? காஸ் போடும் முன் பார்க்க வேண்டியவை

கார் ஏசி குளிரவில்லை என்றதும் பலர் வாயில் வருகிற முதல் வார்த்தை "காஸ் தீர்ந்துபோச்சு" என்பதுதான். பெட்ரோல் தீரும், ஏசி காஸ் தீராது. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிற பொருள் அது, எரிந்து செலவாவதில்லை. அளவு குறைந்திருந்தால் எங்கோ ஒரு வழியாக வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் பல வருடங்களில் கொஞ்சம் கசிவது இயல்புதான். வருடா வருடம் காஸ் அடிக்க வேண்டியிருந்தால் அது இயல்பில்லை, லீக். அதைத் தேடாமல் காஸ் மட்டும் ஏற்றுவது பஞ்சரான டியூபுக்குக் காற்றடிப்பது மாதிரி.

காஸுக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களாலும் குளிர் குறையும். அடைத்துப்போன ஃபில்டர், சுற்றாத ஃபேன், எரிந்த ஃபியூஸ், டேஷ்போர்டுக்குள் காற்றின் வழியை மாற்றும், ஆனால் நகராமல் நிற்கும் ஒரு மூடி என்று பட்டியல் நீளும். இவை எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். அதனால் இந்த வழிகாட்டியில் காஸ் கடைசியில்தான் வருகிறது. முதலில் காற்று, அப்புறம் மின்சாரம், அதற்கும் பிறகுதான் கேஜ், அதாவது காஸின் அழுத்தத்தை அளக்கும் மீட்டர்.

குழாய்களுக்குள் நடப்பது

இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் பிறகு வருவதெல்லாம் சுலபம். கார்களில் பரவலாக இருக்கும் ஆர்-134ஏ காஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். ஏசியின் வேலை மொத்தமும் இதை வைத்துத்தான்.

எஞ்சின் பெல்ட்டால் சுற்றும் கம்ப்ரஸர் ஆவியை அழுத்தி, சூடாக வெளியே தள்ளுகிறது. அது ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸருக்குப் போய், எதிர்க்காற்றில் சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகிறது. வழியில் ட்ரையர் என்ற சிறிய குப்பி ஈரத்தையும் தூசியையும் பிடித்துக்கொள்கிறது. அடுத்தது எக்ஸ்பேன்ஷன் வால்வு. இந்தச் சின்னத் துவாரத்தைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று விழுகிறது, திரவம் ஆவியாகத் தொடங்குகிறது. அது நடக்கும் இடம்தான் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில். புளோயர் அதன் மேல் காற்றை ஊத, நம் முகத்துக்குக் குளிர்ந்த காற்று வருகிறது. ஆவி மறுபடி கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது.

பானட்டைத் திறந்து பார்த்தால் இரண்டு விதக் குழாய்கள் தெரியும். தடிமனானது லோ சைடு, கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்புவது, குளிர்ந்திருக்கும். ஒல்லியானது ஹை சைடு, சூடாக இருக்கும். கூடவே ஒரு ஸ்டிக்கரும் இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்ன காஸ், எத்தனை கிராம் என்பது அதில் இருக்கும். கம்ப்ரஸருக்கு எந்த எண்ணெய் என்பதும் பல ஸ்டிக்கர்களில் இருக்கும். 1990களின் தொடக்கம் வரை வந்த கார்களில் ஆர்-12 இருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் அது ஒழிக்கப்பட்டு ஆர்-134ஏ வந்தது. புதிய கார்கள் பலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் இருக்கும். இவற்றின் சர்வீஸ் வாய்களையே (காஸ் ஏற்றும் இடம்) வேறு வேறு மாதிரி செய்திருக்கிறார்கள், ஒன்றில் மற்றொன்றை ஏற்றிவிடக் கூடாது என்பதற்காக. அடாப்டர் போட்டுச் சமாளித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஹைபிரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உங்கள் கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. ஆரஞ்சு நிற வயர் எங்கே தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். ஃபில்டர் மாற்றுவது, கண்டென்ஸர் கழுவுவது வரை நீங்கள் செய்யலாம், மீதி பயிற்சி பெற்றவர்கள் வேலை.

முதலில் அளந்துவிடுங்கள்

"முன்னே மாதிரி குளிரவில்லை" என்பதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு சாதாரண தெர்மாமீட்டர் போதும். காரை நிழலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழுக் குளிரில், உள்காற்றே சுற்றும் நிலையில் வையுங்கள். நடு வென்ட்டுக்குள் தெர்மாமீட்டரைச் செருகி, எஞ்சின் வேகத்தை 1500 ஆர்பிஎம் அருகே பிடித்துப் பத்து நிமிடம் பொறுங்கள். நல்ல ஏசியில் பெரும்பாலும் 5 முதல் 10 டிகிரிக்குள் காட்டும். வெயிலும் புழுக்கமும் கடுமையாக இருந்தால் இரண்டு மூன்று டிகிரி கூடலாம். காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக மாற்றவே ஏசியின் சக்தியில் ஒரு பகுதி போய்விடும், அதனால் புழுக்கமான நாளில் அதைக் குறை சொல்ல முடியாது.

அளக்கும்போதே காரின் நடத்தையையும் கவனியுங்கள். வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடாகிறதா? கண்டென்ஸருக்குக் காற்று போதவில்லை, ஃபேனைப் பாருங்கள். கிளம்பும்போது நன்றாகக் குளிர்ந்து, அரை மணி நேரத்தில் காற்றே குறைந்து, அணைத்துச் சற்று நேரம் கழித்துப் போட்டால் மறுபடி சரியாகிறதா? கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. கம்ப்ரஸர் சில நொடிக்கு ஒருமுறை சேர்ந்து சேர்ந்து விடுபடுகிறதா? காஸ் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். டிரைவர் பக்கம் ஒரு மாதிரி, பக்கத்து சீட்டில் வேறு மாதிரி வருகிறது என்றால், டேஷ்போர்டுக்குள் இருக்கும் மூடிகளில் ஒன்று சிக்கியிருக்கலாம். காஸ் குறைந்தாலும் சில கார்களில் இப்படி ஆகும்.

காற்று சரியாக வருகிறதா

புளோயரை முழு வேகத்தில் வைத்தும் காற்று மெதுவாக வந்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், ஸ்குரூ டிரைவர்கூடத் தேவைப்படாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி தெரிய வேண்டும். தூசியும் சருகும் அப்பியிருந்தால் புதிதாக மாற்றுங்கள். தட்டி, ஊதி மறுபடி போடுவது ஒரு வாரத்துக்குத் தாங்கும், அவ்வளவுதான். ஃபில்டரின் ஓரத்தில் காற்று போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்துப் போடுங்கள்.

புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடி மற்ற வேகங்களில் ஓடாவிட்டால் அது மோட்டார் கோளாறு இல்லை, வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் போயிருக்கிறது. எந்த வேகத்திலும் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள்.

அடுத்து வண்டியின் முன்பக்கம். கண்டென்ஸரின் இதழ்களுக்கு நடுவே பூச்சி, புழுதி, பஞ்சு எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி மூடியிருக்கும். தோட்டத்துக் குழாயில் வரும் மெல்லிய அழுத்தத் தண்ணீரே போதும். பிரஷர் வாஷரை அருகில் வைத்து அடித்தால் அந்த மெல்லிய அலுமினிய இதழ்கள் மடிந்து, காற்றுப்பாதை இருந்ததை விட மோசமாகிவிடும். கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே பளிச்சென்று இருந்து, அந்த இடுக்கில் மட்டும் அழுக்கு அடைத்து நிற்கும் கார்கள் உண்டு.

ஏசியைப் போட்டதும் முன்னால் உள்ள ஃபேன் சுற்ற வேண்டும். சில கார்களில் ஹை சைடு அழுத்தம் ஏறிய பிறகுதான் சுற்றும், அதனால் ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள். சுற்றவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் மூன்றையும் பார்க்க வேண்டும். ஃபேன் திடீரென்று சுற்றத் தொடங்கும் என்பதால் விரலையும் தொங்கும் துணியையும் அருகே கொண்டுபோகாதீர்கள்.

உள்ளே சூட்டையும் குளிரையும் கலக்கும் மூடி ஒன்று இருக்கிறது. வெப்பநிலை நாபைச் சூட்டிலிருந்து குளிருக்குத் திருப்பும்போது டேஷ்போர்டுக்குள் 'டக் டக் டக்' என்று கேட்டால் அதைத் திருப்பும் சின்ன மோட்டாரின் பல்சக்கரம் உடைந்திருக்கும். அப்போது ஏசி ஒழுங்காகக் குளிர்வித்த காற்றையே ஹீட்டர் மறுபடி சூடாக்கி அனுப்பும். சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸை அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் கிளாம்ப்பால் இறுக்கி, சூடான கூலன்ட் போகாதபடி நிறுத்திவிட்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள். இப்போது குளிர் வந்துவிட்டால் ஏசியில் கோளாறு இல்லை, மூடியில்தான். ஹோஸ் பழசாகி விறைத்திருந்தால் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், வெடித்துவிடும்.

வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது சொட்டத்தான் வேண்டும். சொட்டாமல் பக்கத்து சீட்டின் கால்விரிப்பு நனைந்தால் டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது.

கம்ப்ரஸர் வேலைக்கு வருகிறதா

எஞ்சின் ஓடும்போது ஒருவர் உள்ளே ஏசி பட்டனை அழுத்தட்டும், நீங்கள் தள்ளி நின்று கம்ப்ரஸரைப் பாருங்கள். கிளட்ச் உள்ள கம்ப்ரஸரில் வெளிப்புறப் புல்லி எப்போதும் சுற்றும். நடுவிலுள்ள தட்டு ஏசி போட்டால்தான் 'டக்' என்று ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்றும். எஞ்சின் சத்தத்திலும் ஒரு சிறு மாற்றம் கேட்கும்.

தட்டு ஒட்டவில்லையா? ஃபியூஸில் தொடங்குங்கள். அப்புறம் ரிலே: பல கார்களில் ஹாரன் ரிலேயும் ஏசி ரிலேயும் ஒரே மாதிரி இருக்கும். எண்கள் பொருந்தினால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், ஒரு நிமிட வேலை. அதுவும் சரி என்றால் கிளட்ச் வயரின் கனெக்டரைக் கழற்றி, ஏசி போட்ட நிலையில் மல்டிமீட்டரால் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

வோல்ட் வந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால் கோளாறு கிளட்சிலேயே. தட்டை இழுக்கும் மின்காந்தக் காயில் ஒன்று கிளட்சுக்குள் இருக்கிறது (கூலிங் காயில் வேறு), அதன் மின்தடை பொதுவாக 3 முதல் 5 ஓம் வரை இருக்கும். மீட்டர் முடிவிலி காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. தட்டுக்கும் புல்லிக்கும் இடையே உள்ள இடைவெளி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும், சரியான அளவு மேனுவலில் இருக்கும். தேய்ந்து இது அதிகமாகிவிட்டால் ஒரு விசித்திரமான அறிகுறி வரும். காலையில் ஏசி நன்றாக வேலை செய்யும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நின்றுவிடும். சூட்டில் காயிலின் இழுவிசை குறைந்து, தூரத்திலுள்ள தட்டை இழுக்க முடியாமல் போவதுதான் காரணம். பல கிளட்ச்களில் உள்ளே இருக்கும் ஷிம் என்ற மெல்லிய வளையம் ஒன்றை எடுத்தாலே இது சரியாகிவிடும். இதற்காகக் கம்ப்ரஸரையே மாற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இடைவெளியை அளந்தீர்களா என்று கேளுங்கள்.

வோல்ட்டே வரவில்லை என்றால் காரின் கம்ப்யூட்டர் ஏதோ காரணத்துக்காக மறுக்கிறது. எஞ்சின் அதிகம் சூடாகியிருக்கலாம், கூலிங் காயிலின் சென்சார் தவறாகக் காட்டலாம், பிரஷர் ஸ்விட்ச் தடுக்கலாம். இந்த பிரஷர் ஸ்விட்ச் காவல்காரர். குழாயில் அழுத்தம் ஏறக்குறைய 2 பாருக்கு (பார், பிஎஸ்ஐ இரண்டும் அழுத்த அலகுகள்) கீழே போனாலும் கம்ப்ரஸரை ஓட விடாது, 30 பாரை நெருங்கினாலும் விடாது. காஸ் இல்லாமல் கம்ப்ரஸர் ஓடினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதற்கு எண்ணெய் கொண்டுவருவதே சுற்றிவரும் காஸ்தான். எண்ணெய் வராத கம்ப்ரஸர் கொஞ்ச நேரத்தில் தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும். ஸ்விட்சின் இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணைத்து கம்ப்ரஸரை ஓட வைக்கும் குறுக்குவழி வீடியோக்களில் நிறைய வருகிறது. குழாயில் போதிய அழுத்தம் இருக்கிறது என்று கேஜ் வைத்துப் பார்க்காமல் அதைச் செய்யாதீர்கள்.

கிளட்சே இல்லாத கம்ப்ரஸர்களும் பரவலாகிவிட்டன. அவற்றின் புல்லி எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை உள்ளே ஒரு கன்ட்ரோல் வால்வு தீர்மானிக்கும். அங்கே பார்வையால் எதுவும் தெரியாது, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

கம்ப்ரஸர் சேர்ந்து ஓடுகிறது, ஆனாலும் குளிர் இல்லை என்ற இடத்துக்கு வந்துவிட்டால் குழாய்களைத் தொட்டுப் பாருங்கள். தடித்த குழாய் குளிர்ந்து வியர்த்திருக்க வேண்டும். கம்ப்ரஸரிலிருந்து கண்டென்ஸருக்குப் போகும் குழாய் கையைச் சுடும், அதை மட்டும் சட்டென்று பிடித்துவிடாதீர்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் காஸ் மிகக் குறைவு, இல்லையென்றால் கம்ப்ரஸர் அழுத்தவில்லை. எது என்று சொல்ல கேஜ் வேண்டும்.

கேஜ் சொல்வது

இங்கிருந்து பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். திரவ காஸ் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலில் பட்டால் உறைபுண். காஸ் காற்றை விடக் கனமானது, குழியிலும் மூடிய கராஜிலும் தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும். திறந்த இடத்தில் வேலை செய்யுங்கள், அருகே நெருப்பு வேண்டாம். சூட்டில் சிதைந்தால் ஆர்-134ஏ நச்சு வாயுவைக் கொடுக்கும். ஆர்-1234ஒய்எஃப் தானே மெதுவாக எரியக்கூடியது.

கேஜ் செட்டில் நீலம் லோ சைடு, சிவப்பு ஹை சைடு. எஞ்சினை நிறுத்தி, எல்லாம் ஆறிய நிலையில் மாட்டினால் இரண்டு முள்ளும் ஒரே அளவைக் காட்டும். ஆர்-134ஏ என்றால் வெளியே 25 டிகிரியில் ஏறக்குறைய 80 பிஎஸ்ஐ, 30 டிகிரியில் 97, 35 டிகிரியில் 114. இதைவிட மிகக் குறைவாக இருந்தால் உள்ளே திரவமே மிச்சமில்லை, காஸ் பெரும்பகுதி போய்விட்டது. இந்த அளவைக் காட்டினால் காஸ் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உள்ளே சிறிதளவு திரவம் இருக்கும் வரை அழுத்தம் வெப்பநிலையைத்தான் பின்பற்றும்; பாதி காஸ் போயிருந்தாலும் முள் அதே இடத்தில் நிற்கும். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

வண்டியை ஓடவிட்டால் முள்கள் பிரியும். சுமார் 30 டிகிரி வெயிலில் லோ சைடு 30 முதல் 45 பிஎஸ்ஐ, ஹை சைடு 180 முதல் 250 வரை இருந்தால் பொதுவாக நலம். காருக்குக் கார் இது மாறும். வெயில் ஏற ஏற ஹை சைடும் ஏறும்.

இரண்டும் குறைவாக இருந்தால் காஸ் குறைவு. இரண்டும் அதிகமாக இருந்தால் மூன்று வாய்ப்புகள்: காஸ் அதிகமாக ஏற்றிவிட்டார்கள், கண்டென்ஸருக்குக் காற்று போகவில்லை, அல்லது குழாய்க்குள் சாதாரணக் காற்று கலந்திருக்கிறது. இவற்றைப் பிரிக்க கண்டென்ஸர் மேல் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஹை சைடு மளமளவென்று இறங்கி, வென்ட்டில் குளிரும் வந்தால் ஃபேனையும் இதழ்களையும் கவனிக்க வேண்டும். காற்று கலந்திருந்தால், ஓடாத நிலையிலேயே முள் மேலே சொன்ன அளவுகளைத் தாண்டி நிற்கும்.

லோ சைடு அதிகம், ஹை சைடு குறைவு, இரண்டு முள்ளும் நெருங்கி வருகின்றன என்றால் கம்ப்ரஸர் உள்ளே தேய்ந்துவிட்டது. அழுத்தும் அளவைத் தானே மாற்றிக்கொள்ளும் வகைக் கம்ப்ரஸராக இருந்தால் கன்ட்ரோல் வால்வு மட்டும் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. பல மாடல்களில் அதைத் தனியாக மாற்றலாம் என்பதால், முழுக் கம்ப்ரஸருக்கு ஒப்புக்கொள்ளும் முன் அதைக் கேட்பது நல்லது. லோ சைடு பூஜ்யத்துக்கும் கீழே, வேக்யூம் (வெற்றிடம்) பக்கமே போகிறது என்றால் எக்ஸ்பேன்ஷன் வால்வோ ட்ரையரோ அடைத்திருக்கிறது. முதலில் சரியாக இருந்து சற்று நேரத்தில் லோ சைடு சரிந்து, அணைத்து வைத்தால் மறுபடி சரியாவது ஈரத்தின் வேலை. தண்ணீர் அந்தச் சின்னத் துவாரத்தில் ஐஸாகி அடைக்கிறது, உருகியதும் திறக்கிறது.

கேஜ் இல்லாமல், காஸ் டப்பாவோடு வரும் ஒற்றை மீட்டரை வைத்து இதைச் செய்ய முடியுமா என்றால், என் பதில் வேண்டாம் என்பதே. அது லோ சைடை மட்டும் காட்டும். கண்டென்ஸர் அடைத்த காரிலோ தேய்ந்த கம்ப்ரஸரிலோ அந்த முள் நம்மைத் தவறான திசைக்கு அனுப்பும். இப்போதைய சிறிய கார்களில் மொத்தக் காஸே 400 முதல் 600 கிராம்தான், நூறு கிராம் கூடினாலே குளிர் குறைந்து கம்ப்ரஸருக்குப் பாரமாகிவிடும். டப்பாவை ஹை சைடு வாயில் மாட்டுவது உயிருக்கே ஆபத்து, அது வெடிக்கும்.

லீக்கைப் பிடிப்பது

காஸ் குறைவு என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி, எங்கே? காஸோடு எண்ணெயும் கொஞ்சம் வெளியே வருவதால் லீக் இருக்கும் இடத்தில் பிசுபிசுப்பும் அதில் ஒட்டிய புழுதியும் தெரியும். டார்ச்சோடு கண்டென்ஸரின் முகத்தைப் பாருங்கள், சாலைக் கற்கள் முதலில் அடிப்பது அங்கேதான். குழாய் இணைப்புகள், கம்ப்ரஸரின் முன்பக்கம், ஹோஸில் உலோக வளையம் நெரித்த இடங்கள் அடுத்தவை. சர்வீஸ் வாய்க்குள் இருக்கும் வால்வு ஊசியை மறக்காதீர்கள். சைக்கிள் வால்வைப் போன்ற அந்தச் சின்னச் சாமான் மலிவானது, அடிக்கடி கசிவது, யாரும் பார்க்காதது. மூடியைக் கழற்றி ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும். மூடியே காணாமல் போயிருந்தால் புதிது வாங்கிப் போடுங்கள். அதற்குள் இருக்கும் ரப்பரும் ஒரு சீல்தான்.

சோப்புக் குமிழி பெரிய லீக்குகளுக்கு உதவும். மெதுவான லீக் என்றால் புற ஊதா சாயம் ஏற்றி, சில நாட்கள் ஓட்டிவிட்டு, இருட்டில் ஊதா டார்ச் அடித்துத் தேடுவார்கள். கசிந்த இடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். எலெக்ட்ரானிக் டிடெக்டர் இன்னும் வேகம். காஸ் கனமானது என்பதால் இணைப்புகளின் அடிப்பக்கத்தில்தான் அதன் மூக்கை மெதுவாக நகர்த்த வேண்டும். கூலிங் காயில் கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருப்பதால், வண்டியைச் சற்று நேரம் அணைத்து வைத்துவிட்டு டிரெயின் குழாயின் வாயில் டிடெக்டரைக் காட்டிப் பார்ப்பது வழக்கம்.

முழுக்கக் காலியான அமைப்பென்றால் உலர்ந்த நைட்ரஜனை ரெகுலேட்டர் வழியாக ஏற்றிச் சோதிப்பதுதான் முறை. டயருக்கு அடிக்கும் காற்று வேண்டாம், அது ஈரத்தை உள்ளே தள்ளும். ஆக்ஸிஜன் சிலிண்டரை ஒருபோதும் மாட்டாதீர்கள். எண்ணெயும் அழுத்தமான ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

லீக்கை அடைக்கும் என்று சொல்லி விற்கும் திரவங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈரம் பட்டால் இறுகும் வகைகள் ட்ரையரையும் வால்வையும் அடைக்கக்கூடும், பட்டறையின் மெஷினையும் கெடுக்கும். இது போட்ட வண்டி என்று தெரிந்தால் தொடவே மறுக்கிறவர்கள் உண்டு, அவர்கள் மேல் தப்பில்லை.

பழுது பார்க்கும்போது

உள்ளே மிச்சமிருக்கும் காஸைக் காற்றில் திறந்து விடக் கூடாது. ஆர்-134ஏ ஒரு கிலோ, நூறு வருடக் கணக்கில், 1430 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்துவைக்கும். பல நாடுகளில் அதை வெளியே விடுவது சட்ட விரோதம். பட்டறையில் உள்ள மெஷின் அதை உறிஞ்சி எடுத்து எடை போட்டுவிடும். அதனால் வீட்டில் எல்லாவற்றையும் செய்யக்கூடியவர்களும் காஸ் எடுப்பதற்கும் ஏற்றுவதற்கும் பட்டறைக்குப் போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நடுவிலுள்ள கழற்றி மாட்டும் வேலையை நீங்களே செய்யலாம்.

இணைப்பைக் கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் பிடியுங்கள், ஒன்று திருப்ப, ஒன்று எதிர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள. ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் அலுமினியக் குழாய் முறுக்கிக்கொண்டு கிழியும். கழற்றிய எல்லா வாயையும் உடனே மூடுங்கள், வெறும் டேப் ஒட்டினாலும் போதும். பிரித்த ஒவ்வொரு இணைப்புக்கும் புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஏசிக்கென்றே வருவது, மேலே ஏசி எண்ணெய் தடவி. எஞ்சின் ஆயில் கூடாது. எண்ணெயிலும் வகைகள் உண்டு. பல கார்களில் பேக் (PAG) என்ற செயற்கை எண்ணெய், பேக் 46, பேக் 100 போன்றவை. ஹைபிரிட், மின்சாரக் கார்களின் கம்ப்ரஸரில் மின்சாரம் கடத்தாத தனி எண்ணெய். அதில் சாதாரண பேக் எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் கம்ப்ரஸரின் மின்காப்பு கெட்டுவிடும். பேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், திறந்து வைத்த பழைய பாட்டிலைப் பயன்படுத்தாதீர்கள்.

அமைப்பைப் பிரித்தால் ட்ரையரையும் மாற்றுங்கள். இதில் பலர் பணத்தை மிச்சப்படுத்தப் பார்ப்பார்கள். திறந்த காற்றில் இருந்த ட்ரையர் ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து நிரம்பிப்போயிருக்கும்.

கம்ப்ரஸர் உள்ளே உடைந்து போயிருந்தால் வேலை பெரியது. உலோகத் துகள் கண்டென்ஸர் வரை போயிருக்கும். இப்போதைய கண்டென்ஸர்களின் துவாரங்கள் அவ்வளவு நுண்ணியவை, கழுவினாலும் சுத்தமாகாது. புதுக் கம்ப்ரஸரை மட்டும் மாட்டினால் பழைய துகள் அதையும் தின்றுவிடும். கண்டென்ஸர், ட்ரையர், எக்ஸ்பேன்ஷன் வால்வு மூன்றையும் சேர்த்து மாற்றி, மீதிக் குழாய்களைக் கழுவ வேண்டும். செலவு கசக்கும்தான், ஆனால் இரண்டாவது கம்ப்ரஸர் வாங்குவதை விடக் குறைவு.

எல்லாம் மாட்டிய பிறகு வேக்யூம். பம்ப்பைப் போட்டு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் இழுக்க வேண்டும், கேஜ் 29 அங்குலப் பாதரசத்தின் அருகே இறங்க வேண்டும். மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஓர் அங்குலம் குறைவாகத்தான் காட்டும், பம்ப்பைக் குறை சொல்லாதீர்கள். வேக்யூமின் நோக்கம் காற்றை எடுப்பது மட்டும் இல்லை. அழுத்தம் அவ்வளவு குறையும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாக வெளியேறும். அப்புறம் பம்ப்பை அணைத்து இருபது நிமிடம் முள்ளைப் பாருங்கள். ஏறினால் லீக் இன்னும் இருக்கிறது, காஸ் ஏற்றாதீர்கள்.

காஸை எடை பார்த்து, ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்கு ஏற்றுங்கள். அழுத்தத்தைப் பார்த்து, கண்மதிப்பில் ஏற்றுவது பழைய பழக்கம், அதிகக் காஸ் பிடித்த பெரிய கார்களில் அது ஓரளவு தாங்கியது. விலை குறைவு என்று எல்பிஜி மாதிரி எரியும் கலவைகளை ஏற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள், கூலிங் காயில் கசிந்தால் அது நேராக நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள்தான் வரும்.

வேலையைப் பட்டறையில் கொடுத்தால் வண்டியை எடுக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: பழைய காஸ் எத்தனை கிராம் வந்தது, வேக்யூம் எவ்வளவு நேரம் நின்றது, புதிதாக எத்தனை கிராம் ஏற்றினீர்கள். பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே தெர்மாமீட்டரை நடு வென்ட்டில் வைத்து, அங்கேயே பத்து நிமிடம் பார்த்துவிட்டு அந்த எண்ணையும் அதே பில்லில் குறித்து வையுங்கள். அடுத்த முறை குளிர் குறைந்ததாகத் தோன்றினால், எவ்வளவு குறைந்தது என்று அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.